வடு

வடு என்னும் சொல்லுக்குத் தமிழில் உள்ள பொருள்களுள் இரண்டு இங்கே கருதத்தக்கவை. ஆறிய புண்ணின் அடையாளம் ஒன்று. பழி என்பது மற்றொன்று. இரண்டையும் ஒரே சொல்லில் அடக்கிவிட்டது மொழி. அவற்றைப் பிரித்தறிய வேண்டியது நம் பொறுப்பு.

போரில் மார்பில் பட்ட புண்ணை விழுப்புண் என்று போற்றினார்கள். வெண்ணிப் போரில் முதுகில் புண்பட்டதற்கு நாணி, சேரமான் பெருஞ்சேரலாதன் வடக்கிருந்து உயிர் துறந்தான். அங்கெல்லாம் புண்ணுக்குப் பின்னால் ஒரு செயல் இருந்தது. அதனால் பெருமையும் நாணமும் இருந்தன.

பதினாறு வயதில் முகப்பரு வந்த பெண் என்ன செய்துவிட்டாள்? எண்ணெய்ச் சுரப்பு மிகுந்தது, மயிர்க்கால் அடைபட்டது, உள்ளே அழற்சி மூண்டது. தோலைத் தாங்கி நின்ற கொலாஜன் என்னும் நார்ப்பொருள் சிதைந்து, அந்த இடம் குழிந்துவிட்டது. இதில் வீரமும் இல்லை, பழியும் இல்லை. ஆயினும் பெண் பார்க்க வருகிறவர்கள் குற்றவாளியைப் பார்ப்பதுபோல் அவள் கன்னத்தைப் பார்க்கிறார்கள். மாப்பிள்ளையின் முகக்குழிகளை அவருடைய சம்பளம் நிரப்பிவிடுகிறது. பெண்ணின் முகக்குழிகளை அவள் தகப்பனார்தாம் நகை போட்டு நிரப்ப வேண்டியிருக்கிறது!

"முகத்தில் என்ன இருக்கிறது, அம்மா? அகத்தின் அழகல்லவா அழகு?" என்று அவளுக்கு ஆறுதல் சொல்வோர் உண்டு. உண்மைதான். ஆனால் இந்த உபதேசம் பெரும்பாலும் வழவழப்பான முகங்களிலிருந்தே புறப்படுகிறது. பசித்தவனிடம் உபவாசத்தின் மேன்மையைப் பேசுவதற்கும் இதற்கும் அதிக வேற்றுமை இல்லை.

மருத்துவம் இந்த வேதனையை அற்பம் என்று ஒதுக்கவில்லை. 1905-ஆம் ஆண்டிலேயே குரோமையர் என்ற ஜெர்மானிய மருத்துவர் சுழலும் கருவியால் தோலின் மேற்பரப்பைத் தேய்த்துத் தழும்பைக் குறைக்க முயன்றார். 1953-இல் நியூயார்க் மருத்துவர் கர்ட்டின், கம்பித் தூரிகை கொண்டு அம்முறையை வளர்த்தார். இன்று நுண்ணூசிகளும் லேசர் ஒளியும் வந்திருக்கின்றன. எல்லாவற்றின் அடிப்படையும் ஒன்றே: அளவறிந்து தோலை மீண்டும் புண்படுத்தினால், அது ஆறும்போது புதிய கொலாஜனை உண்டாக்குகிறது. பல தடவை செய்துகொண்டு, பல மாதங்கள் காத்திருக்க வேண்டும். நம்மைப் போன்ற மாநிறத்தாருக்கும் கறுத்த நிறத்தாருக்கும் ஒளியின் கடுமை மிஞ்சினால், குழிக்குப் பதில் கரும்படலம் மிஞ்சும்.

ஆகவே நேர்மையான மருத்துவர், "குறைக்கலாம், முற்றிலும் அழிக்க முடியாது" என்கிறார். வியாபாரியோ முதலில் நாணத்தை விற்கிறான். பிறகு அதற்கு மருந்து விற்கிறான். இருவரையும் அடையாளம் கண்டுகொள்ளத் தெரிய வேண்டும்.

அப்படியானால் சிகிச்சை செய்துகொள்வது தவறா? இல்லை. நொண்டும் கால் கோலை நாடுவது போன்றதே அது. ஆனால் யாருக்காக என்ற கேள்வி மட்டும் எஞ்சி நிற்கிறது. தலை நிமிர்ந்து தெருவில் நடக்க வேண்டும் என்று தனக்காகவே ஒருத்தி மருத்துவரிடம் போனால், அதைத் தற்பெருமை என்று சொல்ல எவருக்கும் உரிமையில்லை. நாலு பேர் ஏளனத்துக்கு அஞ்சிப் போகிறாள் என்றால், அவள்மீது குற்றமில்லை. ஆனால் நோய் அவளிடம் மட்டும் இல்லை. அவள் கன்னத்துக் குழியை லேசர் ஓரளவு மேடாக்கும். நம் பார்வையில் விழுந்திருக்கும் குழியை நாமேதான் தூர்க்க வேண்டும்.