வீடு கைநழுவும்போது: ஜும்ஆ உரை

எல்லாப் புகழும் அகிலங்களைப் படைத்துப் பரிபாலிக்கும் அல்லாஹ்வுக்கே. ஸலவாத்தும் ஸலாமும் கண்மணி நாயகம் முஹம்மது முஸ்தஃபா (ஸல்) அவர்கள் மீதும், அவர்களின் குடும்பத்தார், தோழர்கள் அனைவர் மீதும் உண்டாவதாக. அல்லாஹ்வை அஞ்சி நடக்குமாறு முதலில் எனக்கும் பிறகு உங்களுக்கும் வஸிய்யத் செய்கிறேன்.

சங்கைக்குரிய சகோதரர்களே! இப்போதெல்லாம் தொழுகை முடிந்து துஆ கேட்டு வருபவர்களில் பலர் வீட்டுக்காகத்தான் கேட்கிறார்கள். "ஹஸரத், நாலாவது வீடும் போய்விட்டது, துஆ செய்யுங்கள்" என்கிறார்கள். சொல்லும்போதே குரல் கம்மிவிடுகிறது. பக்கத்தில் நிற்பவர் "துன்யாவுக்காக இவ்வளவு கவலையா?" என்று ஒரு வார்த்தை போட்டுவிட்டுப் போகிறார். அந்த வார்த்தை சரியில்லை. அல்லாஹ் சூரத்துந் நஹ்லின் 80-ஆவது வசனத்தில், நம் வீடுகளை நமக்கு அமைதி தரும் இடமாக ஆக்கியதைத் தன் அருட்கொடைகளில் ஒன்றாக எண்ணிக் காட்டுகிறான். ஸஅத் பின் அபீ வக்காஸ் (ரலி) அறிவிக்கும் ஹதீஸில் மனிதனின் நற்பேறுகளாக நான்கு விஷயங்கள் வருகின்றன. நல்ல மனைவி, நல்ல அண்டைவீட்டார், வசதியான வாகனம் இவற்றோடு விசாலமான வீடும் அதில் ஒன்று. நபியவர்களே நற்பேறு என்று சொன்னதைத் தேடி, கிடைக்காமல் ஒருவர் வருந்தினால் அவருடைய ஈமானில் குறை காணாதீர்கள்.

இந்த லண்டனில் அந்தத் தேடல் எப்படி நடக்கிறது என்பது உங்களுக்கே தெரியும். சனிக்கிழமை வியூயிங். வாசலில் வரிசை. ஒரு குடும்பத்துக்குப் பதினைந்து நிமிடம். சமையலறையை எட்டிப் பார்ப்பதற்குள் அடுத்த குடும்பம் மாடியேறுகிறது. திங்கட்கிழமை மதியத்துக்குள் உங்கள் கடைசி விலையைச் சொல்லுங்கள் என்று ஏஜென்ட் சொல்வார். மற்றவர் என்ன சொன்னார் என்று தெரியாது. இருட்டில் கையை விட்டுத் துழாவுவதுபோல் ஒரு விலையைச் சொல்கிறோம். சாயங்காலம் போன் வருகிறது, வீடு வேறொருவருக்குப் போய்விட்டது. இதுவாவது ஒரு நாள் வேதனை. இதைவிடப் பெரியது ஒன்று உண்டு.

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் நீங்கள் சொன்ன விலையை விற்பவர் ஏற்றுக்கொண்டாலும், இரு தரப்பும் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டு மாற்றிக்கொள்ளும் வரை சட்டப்படி யாருக்கும் கட்டுப்பாடு இல்லை. 1989-ஆம் ஆண்டுச் சட்டப்படி நிலம், வீடு விற்கும் ஒப்பந்தம் எழுத்தில் கையெழுத்தோடு இருக்க வேண்டும். வாய்ப்பேச்சு செல்லாது. அந்தக் கையெழுத்துக்கு வாரங்கள், சில நேரம் மாதங்கள் ஆகும். அதற்குள் சர்வேக்குப் பணம், சொலிசிட்டருக்குப் பணம் என்று செலவழித்திருப்போம். பிள்ளைகள் எந்த அறை யாருக்கு என்று சண்டைகூடப் போட்டு முடித்திருப்பார்கள். அப்போது இன்னொருவர் கொஞ்சம் கூடுதலாகச் சொல்ல, விற்பவர் அவர் பக்கம் திரும்பிவிடுகிறார். இதற்கு இந்த ஊரில் 'கஸம்பிங்' என்று தனியாக ஒரு பெயரே இருக்கிறது. அவ்வளவு சாதாரணமாகிவிட்டது.

இப்படி அடிபட்ட ஒரு சகோதரர் என்னிடம் ஒரு மஸ்அலா கேட்டார். ஏஜென்ட் அவருக்கு இன்னொரு வீட்டைக் காட்டியிருக்கிறார். அதில் வேறொரு குடும்பத்தின் விலையை விற்பவர் ஏற்கெனவே ஏற்றுக்கொண்டாகிவிட்டது. ஆனாலும் நீங்கள் ஒரு ஐயாயிரம் பவுண்டு சேர்த்துச் சொன்னால் அவர் யோசிப்பார் என்கிறார் ஏஜென்ட். "எனக்கு இதைத்தானே செய்தார்கள், நான் செய்தால் என்ன ஹஸரத்?"

கேள்வியில் வலி இருக்கிறது. ஆனால் பதில் தெளிவானது. ஒரு முஸ்லிம் தன் சகோதரன் பேசி முடித்த வியாபாரத்தின் மேல் வியாபாரம் பேசுவதையும், அவன் சொன்ன விலையின் மேல் விலை பேசுவதையும் நபி (ஸல்) அவர்கள் தடுத்தார்கள். புகாரியிலும் முஸ்லிமிலும் பல ஸஹாபாக்கள் வழியாக வரும் ஹதீஸ் இது. நம் ஷாஃபிஈ மத்ஹபின் ஃபுகஹாக்கள் இதற்கு எல்லை வரைந்திருக்கிறார்கள். விலை முடிவாகி, விற்பவர் வெளிப்படையாகச் சம்மதம் சொல்லிவிட்ட பிறகு நுழைவது ஹராம். அதற்கு முன், எல்லோரும் விலை சொல்லிக்கொண்டிருக்கும் கட்டத்தில், போட்டியிட்டுக் கூடுதலாகச் சொல்வதில் தவறில்லை. அன்ஸாரிகளில் ஒரு ஏழைத் தோழரின் விரிப்பையும் பாத்திரத்தையும் நபியவர்களே ஏலம் விட்டார்கள். ஒருவர் ஒரு திர்ஹம் என்றார். கூடுதலாகத் தருபவர் யார் என்று கேட்டார்கள். இன்னொருவர் இரண்டு திர்ஹம் தந்து வாங்கினார். அனஸ் (ரலி) அறிவிப்பது, திர்மிதியில் இருக்கிறது.

ஆகவே திங்கட்கிழமை மதியத்துக்குள் விலை சொல்லுங்கள் என்ற கட்டத்தில் உங்களைவிட ஒருவர் கூடுதலாகச் சொல்லி வீட்டை வாங்கினால் அவர் உங்களுக்கு அநியாயம் செய்யவில்லை. அவர்மேல் கோபப்பட நமக்கு உரிமையில்லை. விலை ஏற்கப்பட்ட பிறகு நுழைந்தவர்தான் அநியாயம் செய்தவர். இந்த இரண்டையும் மனத்தில் பிரித்து வைத்துக்கொண்டாலே பாதிக் கோபம் அடங்கிவிடும். ஏனென்றால் நாம் இழந்த வீடுகளில் பெரும்பாலானவை முதல் வகையைச் சேர்ந்தவை.

அந்தச் சகோதரர் விடவில்லை. "அந்தக் குடும்பம் முஸ்லிமா என்றே தெரியாதே" என்றார். ஹதீஸில் சகோதரன் என்று வந்திருப்பது வழக்கத்தையொட்டி வந்த சொல், முஸ்லிமல்லாதவர் பேசி முடித்த வியாபாரத்திலும் நுழையக் கூடாது என்பதே பெரும்பாலான அறிஞர்களின் கருத்து. அதுவும் போகட்டும். அந்த வீட்டிலும் ஒரு குழந்தை தன் அறையைத் தேர்ந்தெடுத்திருக்கும். நமக்குப் பட்ட அடியை, நமக்கு எந்தத் தீங்கும் செய்யாத ஒருவர்மேல் இறக்குவது எந்தக் கணக்கில் சேரும்?

விற்பவர்களும் இந்த ஸஃபுகளில் இருக்கிறீர்கள். சந்தை இப்போது உங்கள் கையில். ஒருவருக்குச் சரி என்று வாக்குக் கொடுத்துவிட்டு, கூடுதல் விலை வந்ததும் மாறினால் சட்டம் உங்களைப் பிடிக்காது. ஆனால் வாக்குறுதிக்கு மாறு செய்வது நயவஞ்சகனின் அடையாளங்களில் ஒன்று என்று நபியவர்கள் சொன்னது நினைவிருக்கட்டும். எஸ்டேட் ஏஜென்ட்டுகளுக்கு 1991-இல் வந்த ஆணைப்படி, வரும் விலைகளையெல்லாம் அவர்கள் விற்பவருக்கு எழுத்தில் தெரிவித்துக்கொண்டே இருக்க வேண்டும். இன்னின்ன விலைகள் எனக்கு வேண்டாம் என்று விற்பவர் எழுதிக் கொடுத்தால் அவற்றைத் தெரிவிக்க வேண்டியதில்லை. ஒருவருக்குச் சம்மதம் சொன்ன அன்றே அந்த ஒரு வரியை எழுதிக் கொடுத்துவிடுங்கள். ஷைத்தானுக்கு ஒரு கதவு குறையும். இன்னொன்று, மச்சானையோ நண்பரையோ விட்டுப் பொய்யாக ஒரு விலை சொல்ல வைத்து ஏற்றிவிடுவது. அதற்கு ஷரீஅத்தில் நஜ்ஷ் என்று பெயர், அதையும் நபியவர்கள் தடுத்திருக்கிறார்கள்.

புகாரியில் அபூஹுரைரா (ரலி) அறிவிக்கும் ஒரு சம்பவம் இருக்கிறது. நமக்கு முன் வாழ்ந்த சமுதாயத்தில் ஒருவர் ஒரு நிலம் வாங்கினார். அதில் தங்கம் நிறைந்த ஒரு குடம் கிடைத்தது. விற்றவரிடம் கொண்டுபோய், நான் வாங்கியது நிலத்தைத்தான், தங்கத்தை அல்ல, எடுத்துக்கொள்ளும் என்றார். விற்றவர் மறுத்துவிட்டார், நிலத்தை அதிலுள்ளதோடு சேர்த்தே விற்றேன் என்றார். வழக்கு ஒரு நடுவரிடம் போனது. பிள்ளைகள் இருக்கிறார்களா என்று கேட்டார். ஒருவருக்கு மகன், மற்றவருக்கு மகள். இருவருக்கும் நிகாஹ் செய்து வையுங்கள், தங்கத்தை அவர்களுக்குச் செலவழித்து, தர்மமும் செய்யுங்கள் என்று தீர்ப்பளித்தார். குடத்துத் தங்கம் எனக்கு வேண்டாம் என்று இருவரும் வழக்காடினார்கள். நாமோ வீடு கைமாறும்போது திரைச்சீலைக் கம்பி யாருக்கு என்று சொலிசிட்டர் மூலம் கடிதம் போடுகிறோம்.

சரி, எல்லாம் முறையாகச் செய்தும் வீடு போய்விட்டது. மனத்தை என்ன செய்வது? பலர் இஸ்திகாரா தொழுதுவிட்டுத்தான் விலை சொல்கிறார்கள். வீடு போனதும் துஆ கபூலாகவில்லை என்று நினைக்கிறார்கள். அந்த துஆவில் என்ன கேட்டோம்? இது என் மார்க்கத்துக்கும் வாழ்வுக்கும் முடிவுக்கும் நல்லதென்றால் எனக்கு எளிதாக்கு, கெட்டதென்றால் என்னை விட்டு இதைத் திருப்பு, இதை விட்டு என்னைத் திருப்பு, நன்மை எங்கே இருந்தாலும் அதைத் தந்து என்னைத் திருப்தியடையச் செய் என்று கேட்டோம். இரண்டில் ஒன்று நடந்திருக்கிறது. இன்னும் பாக்கியிருப்பது அந்தக் கடைசித் துண்டு, திருப்தி. அது ஒரே ராத்திரியில் வராவிட்டால் மீண்டும் கேளுங்கள்.

மக்கா வெற்றியின் காலத்தை நினைத்துப் பாருங்கள். பத்தாயிரம் தோழர்களோடு வரும் நபியவர்களிடம் உஸாமா (ரலி) கேட்கிறார்கள், அல்லாஹ்வின் தூதரே, மக்காவில் உங்கள் வீட்டிலா தங்கப் போகிறீர்கள்? அகீல் நமக்கு வீடு ஏதும் விட்டு வைத்திருக்கிறாரா என்று நபியவர்கள் திருப்பிக் கேட்கிறார்கள். ஹிஜ்ரத்துக்குப் பிறகு அந்த வீடுகள் கைமாறிவிட்டன. பிறந்த ஊர், கதீஜா நாயகியோடு வாழ்ந்த ஊர். ஊரே கையில் வந்த நாளில் தங்க ஒரு சொந்த வீடு இல்லை. ஒரு சொல் சொன்னால் போதும், மீட்டுக் கொடுத்திருப்பார்கள். நபியவர்கள் கேட்கவில்லை. கூடாரத்தில் தங்கினார்கள். மதீனாவுக்கு வந்த புதிதிலும் அபூ அய்யூப் அல்அன்ஸாரி (ரலி) வீட்டில்தான் மாதக்கணக்கில் இருந்தார்கள். வாடகை வீட்டில் இருப்பதைக் குறைவாக எண்ணி விருந்தாளிகளைக் கூப்பிட வெட்கப்படும் சகோதரர்கள் இதை யோசிக்க வேண்டும்.

ஸஹீஹ் முஸ்லிமில் வரும் ஹதீஸில் நபியவர்கள் முதலில் சொன்னது முயற்சி. உனக்குப் பயன் தருவதில் ஆர்வம் கொள், அல்லாஹ்விடம் உதவி தேடு, முடியாதென்று உட்கார்ந்துவிடாதே என்கிறார்கள். அதற்குப் பிறகுதான், ஏதேனும் நேர்ந்துவிட்டால் 'இப்படிச் செய்திருந்தால்' என்று சொல்லாதே, அது ஷைத்தானின் வேலைக்கு வழி திறக்கும் என்கிறார்கள். எனவே முயற்சியில் குறை வைக்காதீர்கள். காகிதங்களைத் தயாராக வையுங்கள், சொலிசிட்டரை முன்கூட்டியே பேசி வையுங்கள், விலை ஏற்கப்பட்டதும் விளம்பரத்தை எடுக்கச் சொல்லுங்கள். சில வாரங்களுக்கு வேறு யாரிடமும் பேசமாட்டேன் என்று விற்பவரிடம் ஒப்பந்தம் எழுதி வாங்க முடியுமா என்றும் சொலிசிட்டரிடம் கேளுங்கள்.

ஆனால் போன பிறகு 'லவ்' வேண்டாம். இன்னும் பத்தாயிரம் சொல்லியிருந்தால், நீ அன்றைக்கு யோசிக்காமல் இருந்திருந்தால்... இந்த 'நீ' வருமிடத்தில்தான் கணவனும் மனைவியும் சண்டை போடுகிறார்கள். வீடு தேடப் போய் இருக்கிற வீட்டின் ஸகீனத்தைத் தொலைக்கிறார்கள்.

எரிச்சலில், போதும் ஹஸரத், வட்டிக் கடனையே வாங்கிவிடுகிறேன் என்பவர்களும் உண்டு. வட்டியில்லாத வீட்டுத் திட்டங்களில் வேலை முடிய நாளாகும், விற்பவர்கள் பொறுக்கமாட்டார்கள் என்பது உண்மையான சிரமம்தான். முன்பு இதில் முத்திரைத் தீர்வையே இரண்டு முறை கட்ட வேண்டியிருந்தது. 2003-இல்தான் அது மாறியது. வீடு போன அன்று ராத்திரி அந்த முடிவை எடுக்காதீர்கள். நிதானமான ஒரு நாளில் ஒரு ஆலிமிடம் உங்கள் கணக்கைக் காட்டிப் பேசுங்கள்.

கடைசியாக ஒன்று. பள்ளிவாசலுக்குப் பக்கத்திலுள்ள நாலைந்து தெருக்களைத்தான் நாம் எல்லோரும் பார்க்கிறோம். நீங்கள் விலை சொன்ன வீட்டை வாங்கியவர் இதோ இந்த ஸஃபிலேயே இருக்கலாம். சூரத்துல் ஹதீதின் 23-ஆவது வசனம், கைநழுவியதற்காகத் துவண்டுவிடாதீர்கள் என்கிறது, கொடுக்கப்பட்டதற்காகப் பெருமையடிக்காதீர்கள் என்றும் சொல்கிறது. வாங்கியவர் வாட்ஸ்அப் குரூப்பில் சாவியின் படத்தைப் போடுமுன் யாரெல்லாம் பார்ப்பார்கள் என்று யோசிக்கட்டும். கிடைக்காதவர் வெளியே போகும்போது அவருடைய கையைப் பிடித்து பாரகல்லாஹ் சொல்லட்டும்.

யா அல்லாஹ்! வீடு தேடும் எங்கள் சகோதரர்களுக்கு ஹலாலான, விசாலமான வீட்டையும் நல்ல அண்டைவீட்டாரையும் தருவாயாக. எங்கள் கொடுக்கல் வாங்கலில் பரக்கத் செய்வாயாக. இன்னும் கூடாரங்களில் உறங்கும் எங்கள் மக்களுக்கு அவர்களின் வீடுகளைத் திருப்பித் தருவாயாக. ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.