பேணுதலும் பற்றும்

தந்தை மறைந்தபின் அவர் பயன்படுத்திய பொருள்களை என்ன செய்வது என்ற கேள்வி எல்லா இல்லங்களிலும் ஒருநாள் எழுகிறது. உடைகள் தானமாகச் சென்றுவிடும். மூக்குக்கண்ணாடியும் கைக்கடிகாரமும் அலமாரியில் அடங்கிவிடும். மைசூரில் ஒரு குடும்பத்தில் எஞ்சி நின்றதோ அவ்வளவு எளிதில் அடங்காத பொருள்: 1969ஆம் ஆண்டில் வாங்கிய ஜாவா மோட்டார் சைக்கிள். கொல்லைப்புறத்தில் தார்ப்பாய்க்கு அடியில் பதினான்கு ஆண்டுகள் அது கிடந்தது.

அந்த வண்டிக்கும் அந்த ஊருக்கும் நெருங்கிய உறவு உண்டு. செக்கோஸ்லோவாகியாவின் ஜாவா, 1961 முதல் மைசூரில் உருவாகத் தொடங்கியது. 1973 முதல் யெஸ்டி என்ற பெயரைப் பெற்றது. 1996இல் ஆலை மூடப்பட்டது. ஆயினும் ஆயுத பூஜையன்று மைசூர்த் தெருக்களில் பூமாலை அணிந்து நிற்கும் வாகனங்களுக்கு நடுவே பழைய ஜாவாக்களும் யெஸ்டிகளும் தென்படாமல் இருப்பதில்லை.

வண்டியைப் பழுது நீக்கி ஓடச் செய்ய வேண்டும் என்று ஓய்வுபெறும் வயதை எட்டிய மகன் விரும்பினார். அவ்விருப்பத்தின் வேர் இனிமையானதன்று. கல்லூரி நாட்களில், தந்தை இந்த வண்டியில் வந்து கல்லூரி வாயிலில் இறக்கிவிடுவதை அவர் அவமானமாகக் கருதினார். இதை இரும்புக் கடையில் போட்டால்தான் என்ன என்று ஒருநாள் பலர் முன்னிலையில் கேட்டும்விட்டார். தந்தை மறுமொழி சொல்லவில்லை. அதன்பின் அவர் வண்டியில் கல்லூரிப் பக்கம் வந்ததுமில்லை. அச்சொல்லுக்கு மன்னிப்புக் கேட்கும் வாய்ப்பு இருந்த நாட்களெல்லாம் கழிந்துவிட்டன.

குடும்பத்தில் சாத்திரம் கற்ற சிற்றப்பா ஒருவர் இருந்தார். அவர் கேட்டார்: “இறந்தவரை இரும்பில் தேடலாமா? பதஞ்சலி முனிவர் அபரிக்கிரகத்தை யமங்களுள் ஒன்றாக வைத்திருப்பது எதற்காக?” இக்கேள்வியை எளிதில் ஒதுக்க இயலாது. பொருளைப் போற்றுவதாக எண்ணிக்கொண்டு தன் துயரத்தையே போற்றுபவர் பலர். குற்ற உணர்வுக்கு ஒரு கோயில் கட்டி, அதை அன்பு என்று அழைப்பதும் உலகில் நடப்பதே.

1900ஆம் ஆண்டு ஜனவரியில் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் கர்மத்தின் இரகசியம் பற்றிப் பேசியபோது, சுவாமி விவேகானந்தர் இருவகை ஆற்றல்களைக் குறிப்பிட்டார். ஒரு செயலில் முழுமையாக ஒன்றும் ஆற்றல் ஒன்று. வேண்டிய கணத்தில் அதிலிருந்து விலகிக்கொள்ளும் ஆற்றல் மற்றொன்று. முதலாவது இல்லாதவன் செய்யும் பணி அரைகுறையாகும். இரண்டாவது இல்லாதவன் தன் பணிக்கே அடிமையாவான். இலக்கின் மீது வைக்கும் கவனத்தை வழியின் மீதும் வைக்க வேண்டும் என்பது அவ்வுரையின் மற்றொரு கருத்து. சிற்றப்பாவின் கேள்விக்கு விடை இவ்விடத்தில்தான் கிடைக்கக்கூடும். ஆனால் அதை ஏட்டில் படித்துத் தெரிந்துகொள்ள முடியாது, செய்துதான் பார்க்க வேண்டும்.

பதினான்கு ஆண்டு ஈரத்தில் பிஸ்டன் சிலிண்டரோடு இறுகியிருந்தது. மரக்கட்டையை வைத்துச் சுத்தியலால் அடித்துவிடலாம் என்றே கை துடிக்கும். அடித்தால் பிஸ்டன் விரிசலுறும். இணைப்புத் தண்டும் வளையக்கூடும். பிளக் துளை வழியே எண்ணெயை ஊற்றிவிட்டுக் காத்திருப்பதே முறை. ஒன்பது நாட்கள் ஒவ்வொரு மாலையும் அவர் எண்ணெய் ஊற்றினார். பத்தாம் நாள் பிஸ்டன் ஒரு மயிரிழை அசைந்தது. தன் வருத்தம் எவ்வளவு ஆழமானது என்பதை அந்த இரும்பு பொருட்படுத்தவில்லை என்பதை அவர் அன்று உணர்ந்தார். அது ஒருவகையில் ஆறுதலாகவும் இருந்தது.

சிலிண்டரின் உட்சுவரில் துரு அரித்திருந்தது. லேத் பட்டறையில் கடைந்து, சற்றே பெரிய பிஸ்டனைப் பொருத்த வேண்டும். அதன் விட்டம் 65 மில்லிமீட்டர். கால் மில்லிமீட்டர் வீதம் சில முறைகளே கடையலாம். அதற்குமேல் சுவர் இடம் தராது. சற்றுக் கூடுதலாகக் கடைந்துவிட்டால் வேலை விரைவில் முடியும் என்றார் பட்டறைக்காரர். இவர் இசையவில்லை. இனி என்றோ ஒருநாள் இதே வண்டியைப் பழுது நீக்கப்போகும் யாரோ ஒருவருக்கு உரிய பங்கை இன்றே கடைந்து எறிய அவருக்கு மனம் வரவில்லை. கண்ணுக்குத் தெரியாத அந்தக் கால் மில்லிமீட்டரில் ஒரு தர்மம் இருக்கத்தான் செய்கிறது.

உதிரி பாகங்கள் பெங்களூரு ஜே.சி. சாலையில் கிடைத்தன. என்ஜினும் உயிர்பெற்றது; ஆனால் சீராக நிற்காமல் தானே உறுமி ஏறியது. மூன்று வாரங்கள் அவர் கார்புரேட்டரையே திருகிக்கொண்டிருந்தார். குறை அங்கு இல்லை. கிராங்க் தண்டின் ஓரத்தில் இருந்த ஒரு ரப்பர் ஆயில் சீல் காய்ந்து, காற்றை உள்ளே விட்டுக்கொண்டிருந்தது. விலை மலிவான பொருள்தான், ஆனால் அதை எட்டுவதற்குப் பல பாகங்களைக் கழற்ற வேண்டும்.

எல்லாவற்றிலும் கடினமானது பெட்ரோல் டேங்கில் இருந்த ஒரு நெளிவு. அவர் ஏழு வயதுச் சிறுவனாகத் தந்தையின் முன்னே அமர்ந்து சென்றபோது வண்டி மழையில் சறுக்கியது. மகனுக்குக் காயமில்லை; தந்தையின் முழங்கை ஒடிந்தது; டேங்க் நெளிந்தது. நெளிவை எடுத்துவிட்டால் வண்டி ஆலையிலிருந்து வந்த நாளைப் போல இருக்கும் என்றார் வண்ணம் பூசுபவர். எடுப்பதா, விடுவதா? எடுத்தால் தந்தையின் வலி அழிகிறது. விட்டால் வலியையே வழிபடுவதாகிறது. இங்குதான் சிற்றப்பாவின் கேள்வி மீண்டும் வந்து நின்றது. பழுது நீக்குவது என்றால் எந்த நாளுக்குத் திருப்புவது? 1969க்கா, அந்த மழைநாளுக்கா, தந்தை கடைசியாக நிறுத்திய மாலைக்கா? மிலிந்த மன்னனிடம் நாகசேனர் தேரின் அச்சையும் சக்கரத்தையும் தனித்தனியே சுட்டி, இவற்றுள் தேர் எது என்று வினவியதை இங்கே நினைக்கலாம். பாதிப் பாகங்கள் மாறிய இந்த வண்டியில் தந்தையின் வண்டி எது?

எந்த நாளுக்கும் திரும்ப வேண்டியதில்லை, வண்டி ஓட வேண்டும், அவ்வளவே என்று அவர் தீர்மானித்தார். நெளிவினால் டேங்க் ஒழுகவில்லை. ஆகவே அது அப்படியே இருந்தது. ஒழுகியிருந்தால் தயங்காமல் அடைத்திருப்பார்.

இதே அளவுகோல் இன்னொரு முறையும் பயன்பட்டது. 2021இல் திருத்தப்பட்ட மத்திய மோட்டார் வாகன விதிகளின்படி, ஐம்பது ஆண்டுகளைக் கடந்து மூல வடிவிலேயே உள்ள வாகனத்தைத் தொன்மை வாகனமாகப் பதிவு செய்யலாம். அது பெருமைக்குரியதே. ஆனால் அவ்வாறு பதிவானதைக் கண்காட்சி, அணிவகுப்பு போன்றவற்றிற்கன்றி அன்றாடம் ஓட்டக்கூடாது. அவர் ஐந்தாண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்கும் சாதாரணப் பதிவையே நாடினார். காய்கறி வாங்கப் போக முடியாத வண்டி தமக்கு எதற்கு என்றாராம்.

அவ்வாண்டு ஆயுத பூஜையில் சந்தனமும் குங்குமமும் இட்டபின், சிற்றப்பாவின் பேரன் ஓட்டிப் பார்க்க ஆசைப்பட்டான். பொத்திப் பொத்தி வைத்த பொருளை இவர் தருவாரா என்று முதியவர் கவனித்துக்கொண்டிருந்தார். ஒரு லிட்டர் பெட்ரோலுக்குச் சுமார் நாற்பது மில்லி எண்ணெய் கலக்கும் விதத்தையும், உதைக்கும் நெம்புகோலே கியர் நெம்புகோலாக மாறும் விந்தையையும் சொல்லிக் கொடுத்துவிட்டு, அவர் சாவியை அவன் கையில் வைத்தார். பையன் பத்து முறை உதைத்தும் வண்டி கிளம்பவில்லை. அருகில் வந்து குனிந்து பார்த்த சிற்றப்பாதான் காரணத்தைக் கண்டுபிடித்தார். பெட்ரோல் குழாயைத் திறக்க எல்லோருமே மறந்திருந்தார்கள்.