கட்-ஆஃப் ஜோசியம்

வருங்காலத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்ற ஆசை மனிதனுக்கு என்றைக்கும் உண்டு. கல்யாணத்துக்குப் பொருத்தம் பார்க்கிறோம். பிரயாணத்துக்கு ராகு காலம் பார்க்கிறோம். இதையெல்லாம் மூடநம்பிக்கை என்று சிரிப்பவர்கள்கூட, வீட்டில் பிளஸ் டூ எழுதிய பிள்ளை இருந்தால் ஒரு ஜோசியத்தை மட்டும் தவறாமல் பார்க்கிறார்கள். அதற்குக் கட்-ஆஃப் என்று பெயர்.

வேலூரிலிருந்து ஆம்பூர், வாணியம்பாடி வரைக்கும் பாலாற்றங்கரை ஊர்களில், பரீட்சை முடிவு வந்த வாரத்தில் டீக்கடைப் பேச்சு தோல் விலையை விட்டு இதற்கு மாறிவிடும். கணக்கில் 100, பௌதிகத்தில் 50, ரசாயனத்தில் 50, ஆகக்கூடி 200. அந்த இருநூற்றுக்குப் பையன் எவ்வளவு? போன வருஷம் கிண்டி எவ்வளவில் நின்றது? பாகாயத்திலுள்ள அரசுக் கல்லூரி எவ்வளவில் நின்றது? ஒரு துண்டுக் காகிதமும் பென்சிலும் இருந்தால் போதும், ஆளுக்கு ஆள் ஜோசியர்.

இந்த ஜோசியத்தைக் கேலி செய்வதற்கு முன்னால் அதற்கு ஒரு கும்பிடு போட்டுவிட வேண்டும். ஓர் எண்ணை வைத்து முடிவை ஊகிக்க முடிகிறது என்றால், அங்கே ஒரு விதி இருக்கிறது, அது ஊருக்கெல்லாம் தெரிந்திருக்கிறது என்று அர்த்தம். எப்போதும் இப்படி இருந்ததில்லை. ஒரு காலத்தில் மருத்துவக் கல்லூரி இடங்களை மாவட்ட ஜனத்தொகைப்படி பங்கு போட்டார்கள். உச்ச நீதிமன்றம் 1968-ல் ராஜேந்திரன் வழக்கில் அது செல்லாது என்றது. பிறகு கல்லூரிகளைப் பிரிவு பிரிவாக வகுத்துத் தனித்தனியே தேர்ந்தெடுத்தார்கள். நேர்முகத் தேர்வுக்கு மட்டும் 75 மதிப்பெண். 1970-ல் பெரியகருப்பன் வழக்கில் அந்தப் பிரிவு முறையும் விழுந்தது. எழுபத்தைந்து சற்று அதிகம்தான் என்றும் நீதிபதிகள் சொன்னார்கள். மேஜைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பவரின் மனத்தில் என்ன எண் ஓடுகிறது என்று தோல் ஷாப்பில் கூலி வேலை செய்பவர் எப்படி ஊகிப்பார்? சிபாரிசு உள்ளவர்தான் ஊகிப்பார்.

இன்று பொறியியலுக்கு அந்த மர்மம் இல்லை. 2007-ல் நுழைவுத் தேர்வும் போயிற்று. பிளஸ் டூ மதிப்பெண், இடஒதுக்கீட்டுப் பிரிவு, தர வரிசை, அவ்வளவுதான். போன வருஷத்து எண்களை முதலாளியும் பார்க்கலாம். அவரிடம் வேலை செய்கிறவரும் பார்க்கலாம். முன்கூட்டியே தெரிகிற விதி ஏழைக்குப் பெரிய பாதுகாப்பு. இதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

ஆனால் விதி வேறு, ஆரூடம் வேறு. கட்-ஆஃப் என்பது யாரோ முன்னாலேயே கட்டி வைத்த மதில் சுவர் என்று பலர் நினைக்கிறார்கள். அது அப்படி இல்லை. கடைசியாக உள்ளே போன பிள்ளையின் மதிப்பெண்தான் அது. மற்றவர்கள் எத்தனை வாங்கினார்கள், எதை விரும்பினார்கள், எதை வேண்டாமென்று விட்டார்கள் என்பதெல்லாம் சேர்ந்து அந்த எண் உண்டாகிறது. கலந்தாய்வு முடிகிற வரையில் அது பிறப்பதே இல்லை. 2021-ல் பெருந்தொற்றினால் பிளஸ் டூ பரீட்சையே நடக்கவில்லை. பத்தாம் வகுப்பு, பதினோராம் வகுப்பு மதிப்பெண்களையெல்லாம் சேர்த்துக் கணக்கிட்டார்கள். முந்தைய வருஷத்து எண்ணைக் கையில் வைத்திருந்தவர்களுக்கு அது எவ்வளவு தூரம் வழிகாட்டியிருக்கும்?

சில வருஷங்களுக்கு முன்பு ஆம்பூரில் ஒரு பிரௌசிங் சென்டரில் ஒரு காட்சி கண்டேன். ஷூ கம்பெனியில் தையல் பிரிவில் வேலை செய்யும் ஓர் அம்மாள், ஷிப்டு முடிந்து மகளோடு வந்திருந்தார். கல்லூரிகளின் பெயரை வரிசையாகப் பதிவு செய்ய வேண்டும். மகள் முதலில் அண்ணா பல்கலைக்கழகத்தைச் சொன்னாள். கடைக்காரர் அவளுடைய எண்ணைப் பார்த்தார். அம்மாளின் கழுத்தில் தொங்கிய கம்பெனி அட்டையையும் பார்த்தார்.

"அதெல்லாம் வராதுக்கா. வீணா எதுக்கு எழுதணும்? பக்கத்திலே இருக்கிற காலேஜாப் போட்டுடறேன்" என்றார்.

அவர் கெட்டவர் அல்ல. ஏமாற்றத்திலிருந்து அவர்களைக் காப்பாற்றுவதாகவே நினைத்தார். ஆனால் அந்த அம்மாள் கேட்டார்: "எத்தனை எழுதினாலும் ஒரே காசுதானே, தம்பி?"

"ஆமா, எத்தனை வேணும்னாலும் எழுதலாம்."

"அப்ப எழுதிடு."

எழுதினார்கள். அந்தப் பெண்ணுக்கு அண்ணா பல்கலைக்கழகம் கிடைக்கவில்லை. பட்டியலில் வெகு கீழே எழுதிய ஒரு கல்லூரிதான் கிடைத்தது. கடைக்காரர் சொன்னது பலித்துவிட்டது. அப்படியானால் அந்த அம்மாள் எழுதச் சொன்னது வீண்தானா?

வீண் இல்லை என்பதுதான் என் கட்சி. எழுதியதனால், இல்லை என்ற பதிலை அவளுக்கு விதி சொன்னது. அதே எண் வாங்கிய வக்கீல் மகனுக்கும், அவள் பிரிவிலேயே இருந்தால், அதே பதில்தான். எழுதாமல் விட்டிருந்தால் அந்தப் பதிலைச் சொல்லியிருப்பது ஒரு கடைக்காரரின் ஊகம். ஒன்று தோல்வி; மற்றொன்று விலக்கு. தோல்வியைத் தாங்கிக்கொண்டு மனிதன் நடக்கலாம். விலக்கப்பட்டோம் என்பதோ அவனுக்குத் தெரியக்கூடத் தெரியாது.

இன்னொன்றும் உண்டு. வேறு ஜோசியம் பொய்த்தால் ஜோசியருக்கு அவமானம். இந்த ஜோசியத்துக்கு அந்தப் பயமே இல்லை. "வராது" என்ற சொல்லைக் கேட்டு ஒருவன் எழுதாமல் விட்டால், வரவே வராது. ஜோசியம் தன்னைத் தானே மெய்யாக்கிக்கொள்கிறது. வசதியுள்ள வீட்டில் இதே "வராது" காதில் விழுந்தால், "எதற்கும் போட்டு வை" என்பார்கள். எளிய வீட்டில் அதுவே தீர்ப்பாகிவிடுகிறது. எண் ஒன்றுதான், கேட்கிற காது வேறு.

இந்தப் பக்கத்துத் தோல் தொழிலில் கண்பார்வையிலேயே தரம் சொல்லும் அனுபவசாலிகள் உண்டு. மயிரோடு கிடக்கும் பச்சைத் தோலைத் தடவிப் பார்த்து, இது இன்ன ரகம் என்பார்கள். ஆனாலும் அதோடு விட்டுவிடுவதில்லை. சுண்ணாம்புத் தொட்டியில் மயிர் நீங்கிய பிறகுதான் கீறலும் உண்ணிக்கடியும் வெளியே தெரியும். பதனிட்ட பிறகு மறுபடியும் ரகம் பிரிப்பார்கள். ஆட்டுத் தோலுக்கே இத்தனை வாய்ப்புக் கொடுக்கிறோம்.

ஆகவே எண்ணைச் சொல்லாதீர்கள் என்று நான் சொல்லமாட்டேன். உண்மையை மறைப்பது தயவு ஆகாது. போன வருஷம் இத்தனையில் நின்றது, உன் எண் இது, வாய்ப்புக் குறைவு என்று தெளிவாகச் சொல்லுங்கள். முன்பணத்துக்கு நகையை அடகு வைப்பதற்கு முன்னால் ஒரு தகப்பனுக்கு அந்தக் கணக்குத் தெரிந்துதான் ஆகவேண்டும். ஆனால் கணக்கைச் சொன்ன பிறகு கையை எடுத்துவிடுங்கள். பட்டியலில் ஒரு பெயரை எழுதும் உரிமையும் அடிக்கும் உரிமையும் அந்தப் பிள்ளைக்கு மட்டுமே உண்டு.