மருந்தும் கடனும்

தமிழில் 'கடன்' என்னும் சொல் இருபொருள் தருவது. பிறரிடம் பெற்றுத் திருப்பித் தரவேண்டிய பொருளும் கடன்; எவரும் கேளாமலே ஒருவன் செய்யவேண்டிய கடமையும் கடன். இரண்டையும் ஒரு சொல்லால் வழங்கிய நம் முன்னோர், பெற்றுக்கொள்ளுதலிலிருந்தே கடமை பிறக்கிறது என்று கருதினர் போலும். வாணிகத்தில் இக்கணக்கு எளிது. மருந்தில் அவ்வளவு எளிதன்று. காய்ச்சலுக்கு மாத்திரை வாங்குகிறோம், விலையைக் கொடுக்கிறோம், கடைக்காரர் மீதிச் சில்லறையைத் தருகிறார். அத்துடன் கடன் தீர்ந்ததா? அம்மாத்திரையைப் பற்றிய அறிவு எவர் உடலிலிருந்து, எவர் காட்டிலிருந்து, எவர் துன்பத்திலிருந்து வந்தது என்று எண்ணிப் பார்க்கும் பொறுப்பு நமக்கு உண்டா? அந்தமான் நிக்கோபார்த் தீவுகளில் வாழும் தமிழர்க்கு இவ்வினா வெறும் ஏட்டு வினா அன்று.

நாம் இத்தீவுகளுக்கு வந்து சேர்ந்தவர்கள். உழைப்பாளராக, அரசு ஊழியராக, வணிகராக வந்தோர் நம்முள் உண்டு. இலங்கையிலிருந்து தாயகம் திரும்பி, 1970களில் கச்சால் தீவின் ரப்பர்த் தோட்டத்தில் குடியேறியோரும் உண்டு. வரும்போது மூட்டையில் சுக்கும் மிளகும் ஓமமும் வசம்பும் கொண்டுவந்தோம். கொல்லையில் துளசியும் நொச்சியும் ஆடாதோடையும் வளர்த்தோம். நம் மருந்து நம்மோடு வந்தது. ஆயினும் இம்மண்ணின் நோய்கள் அனைத்தும் நம் அஞ்சறைப் பெட்டிக்குக் கட்டுப்படவில்லை.

வடக்கு அந்தமானில் டிக்லிப்பூரைச் சுற்றியுள்ள ஊர்களில், 1980களின் இறுதியிலிருந்து, மழை ஓயும் பருவத்தில் கொடிய காய்ச்சல் ஒன்று தலைகாட்டிற்று. நல்ல உடற்கட்டுள்ள உழவர் திடீரெனக் காய்ச்சலுற்று, இருமலில் இரத்தம் கண்டு, சில நாட்களிலேயே மடிந்தனர். காரணம் விளங்காமையால் அதனை அந்தமான் இரத்தக்கசிவுக் காய்ச்சல் என்றே குறித்தனர். இன்று ஸ்ரீ விஜயபுரம் எனப் பெயர் பெற்றுள்ள போர்ட் பிளேரில், இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் 1983இல் ஒரு வட்டார மையத்தை நிறுவியது. அம்மையத்தினர் 1993ஆம் ஆண்டு ஏற்பட்ட பரவலை ஆராய்ந்து, இஃது எலிக்காய்ச்சலே என்று கண்டனர். எலி, மாடு முதலியவற்றின் சிறுநீரில் வெளிப்படும் லெப்டோஸ்பைரா என்னும் சுருள்வடிவ நுண்ணுயிர் சேற்றுநீரில் தங்குகிறது. வெறுங்காலுடன் வயலில் இறங்குவோரின் வெடிப்பு வழியாகவும் புண் வழியாகவும் உடலுள் நுழைகிறது. முற்றிய நிலையில் நுரையீரலுக்குள் இரத்தம் கசியச் செய்கிறது. நோய் தோன்றும் முறை தெரிந்தவுடன், அதுவரை விதியென்று நொந்துகொண்ட சாவு, தடுக்கக்கூடிய ஒன்றாயிற்று.

முன்னதாகவே மருந்து கொடுத்துத் தடுக்க இயலுமா என்று அறிய, வடக்கு அந்தமானில் 782 பேரை இரு பிரிவாக்கினர். ஒரு பிரிவினர்க்கு வாரந்தோறும் டாக்சிசைக்ளின். மற்றவர்க்கு மருந்தில்லாத வெறும் மாத்திரை. முடிவு 2000இல் வெளியாயிற்று. கிருமி தொற்றுவதை மருந்து தடுக்கவில்லை. ஆனால் நோயாக வெளிப்படுவது மருந்து உண்டோரிடையே ஏறக்குறையப் பாதியாகக் குறைந்திருந்தது. 2018இல் கேரளத்தில் பெருவெள்ளம் வடிந்தபோது இதே டாக்சிசைக்ளின் மக்களுக்கு வழங்கப்பெற்றது. அங்கே அதனை விழுங்கிய எத்தனை பேருக்கு டிக்லிப்பூர் என்னும் ஊர்ப்பெயர் தெரியும்? வெறும் மாத்திரையை வாரந்தோறும் உட்கொண்ட உழவர் பங்கை இங்கே நினைக்க வேண்டும். அவர் இல்லையெனில் ஒப்பிட வழியில்லை. ஒப்பிட வழியில்லையெனில் அறிவும் இல்லை. மருந்து பெறாமலே மருந்தறிவைத் தந்தவர் அவர். குடியேறிகளாகிய நாமும் ஆய்வுக்கு உடல் தந்த கூட்டத்தைச் சேர்ந்தவர்கள் என்பதை இந்நிகழ்ச்சி காட்டுகிறது.

உடலைத் தந்தோர் இவ்வாறிருக்க, அறிவைத் தந்தோர் நிலை என்ன? பொதிகையைத் தமிழர்க்கு அறிமுகம் செய்ய வேண்டுவதில்லை. அகத்தியர் பெயரால் வழங்கும் அம்மலைக்காடுகளில் வாழும் பழங்குடியினர் காணிகள். 1987இல் தாவர ஆய்வாளர் குழு ஒன்று அங்கே சென்றது. மலையேறிக் களைத்த ஆய்வாளர், வழிகாட்ட வந்த காணி இளைஞர் மட்டும் சோர்வின்றி நடப்பதையும், இடையிடையே ஒரு சிறு கனியைத் தின்பதையும் கண்டனர். அது என்னவென்று கேட்டதற்கு அவ்விளைஞர் முதலில் சொல்லத் தயங்கினர். அது தம் குலத்தார் காத்துவந்த செய்தி. பின்னர்க் காட்டிய செடியே ஆரோக்கியப் பச்சை. அதனை அடிப்படையாகக் கொண்டு, திருவனந்தபுரம் மாவட்டத்திலுள்ள வெப்பமண்டலத் தாவரவியல் தோட்ட ஆய்வு நிறுவனம் 'ஜீவனி' என்னும் மருந்தை ஆக்கியது. 1995இல் அதனைச் செய்யும் உரிமம் கோவை ஆர்ய வைத்திய பார்மசிக்கு வழங்கப்பெற்றது. உரிமக் கட்டணம் 10 லட்சம் ரூபாய். விற்பனையில் 2 விழுக்காடு. இவற்றுள் சரிபாதி காணிகளுக்கு என்று முடிவாயிற்று. அப்பணத்தைப் பெற 1997இல் காணிகளின் அறக்கட்டளை பதிவு செய்யப்பெற்றது.

இதே 1995இல்தான், மஞ்சள் புண்ணை ஆற்றும் என்பதற்கு அமெரிக்காவில் காப்புரிமை வழங்கினர். நம் பாட்டிமார் அடுப்பங்கரையில் அறிந்திருந்ததை ஒருவர் தம் கண்டுபிடிப்பு என்று பதிந்துகொண்டார். நம் அறிவியல் தொழிலக ஆராய்ச்சிக் கழகம் பழைய நூற்சான்றுகளைக் காட்டி வழக்காட, 1997இல் அவ்வுரிமை நீக்கப்பட்டது. அன்று நாம் எல்லோரும் மகிழ்ந்தோம், மகிழ்ந்தது சரியே. ஆனால் மஞ்சளுக்கு ஏடு இருந்தது, வாதாட ஓர் அரசும் இருந்தது. ஏடில்லாதவன் அறிவுக்கு எவர் சான்று சொல்வார்? காணிகளுக்குச் செய்த ஏற்பாடு குறையற்றதன்று. அவர்களுள் சிலர் அதனை ஏற்கவில்லை. வனத்துறைக் கட்டுப்பாடுகளால் அச்செடியை வளர்த்து விற்பதும் அவர்க்கு எளிதாகவில்லை. எனினும், கேட்டுப் பெற்றதற்குப் பங்கு தரவேண்டும் என்று ஒரு நிறுவனம் தானே முன்வந்து ஒப்பியது பெரிய செய்தி. 2002ஆம் ஆண்டின் பல்லுயிர்ப் பெருக்கச் சட்டம் இக்கருத்தை நாட்டின் சட்டமாகவே ஆக்கிற்று.

இனி, வலி தீர்க்கும் மருந்துகளைக் காண்போம். அபர்தீன் பசாரில் சங்குகளும் சிப்பிகளும் விற்கும் கடைகளை நாம் அறிவோம். கூம்பு வடிவில் கோலமிட்டாற்போன்ற ஓடுடைய சங்குகளும் நம் கடலில் வாழ்கின்றன. உயிரோடிருக்கும்போது அவற்றைக் கையில் எடுப்பது ஆபத்து. ஊசி போன்ற பல்லால் நஞ்சைச் செலுத்தும். பிலிப்பைன்சில் பிறந்த பால்டோமெரோ ஒலிவேரா என்னும் அறிஞர், இவ்வினச் சங்குகளின் நஞ்சைப் பல்லாண்டு ஆராய்ந்தார். மீனைப் பிடித்துண்ணும் ஒருவகைக் கூம்புச் சங்கின் நஞ்சில் அவருடைய ஆய்வகத்தார் கண்ட பொருளே சிக்கோனோடைடு என்னும் மருந்தாயிற்று. வலியென்னும் செய்தி நரம்பின் முனையிலிருந்து அடுத்த நரம்புக்குத் தாவ வேண்டுமாயின், முனையிலுள்ள நுண்ணிய வாயில்கள் திறந்து கால்சியம் உட்புக வேண்டும். அவ்வாயில்களை இம்மருந்து அடைத்துவிடுகிறது. கடல் நம் தீவுகளைச் சூறையாடிய அதே 2004 டிசம்பரில், கடலிலிருந்து பிறந்த இம்மருந்துக்கு அமெரிக்காவில் ஒப்புதல் கிடைத்தது. ஆயின் இதனைத் தண்டுவட நீருக்குள் கருவி வழியே செலுத்த வேண்டும், செலவும் மிகுதி. நம் கடலிலுள்ள சங்கின் இனத்திலிருந்து பிறந்த மருந்து நம் நோயாளிக்கு எட்டாத தொலைவில் உள்ளது.

எட்டாத மருந்தைப் பற்றி ஏங்குவானேன் எனலாம். எட்டும் மருந்தை என் செய்தோம்? அபினியிலிருந்து பிரித்தெடுக்கும் மார்ஃபின், புற்றுநோயின் கடும் வலியைத் தணிப்பது, விலை குறைந்தது. அபினிச் செடியை அரசு உரிமத்துடன் மத்தியப் பிரதேசத்திலும் இராஜஸ்தானிலும் உத்தரப் பிரதேசத்திலும் பயிரிடுகின்றனர். உலக நாடுகளுக்கு அனுப்புகின்றனர். ஆனால் 1985இல் போதைப்பொருள் சட்டம் வந்தபின், நம் மருத்துவமனைகளில் மார்ஃபின் காணக்கிடைக்காத பொருளாயிற்று. ஒரு மருத்துவமனை சிறிதளவு வாங்குவதற்கும் வெவ்வேறு அலுவலகங்களின் உரிமங்கள் பல வேண்டும். அவை எல்லாம் ஒரே வேளையில் செல்லுபடியாகவும் வேண்டும். கடைசி உரிமம் கைக்கு வருமுன் முதல் உரிமம் காலாவதியாகிவிடும். கோப்புகளோடு வாழும் நம்போன்றோர்க்கு இதில் வியப்பில்லை. எந்த மேசையிலும் எவரும் விதியை மீறவில்லை. எல்லா மேசைகளிலும் விதிப்படியே நடந்தது. நோயாளி மட்டும் வலியில் துடித்து இறந்தார். 1993இல் கோழிக்கோட்டில் வலி தணிப்பு இயக்கத்தைத் தொடங்கிய மருத்துவர் எம். ஆர். இராஜகோபால் போன்றோர் ஆண்டுக்கணக்கில் வாதாடியபின், 2014இல் சட்டம் திருத்தப்பெற்று, பல உரிமங்கள் ஓர் ஒப்புதலாகச் சுருங்கின. மருந்தைக் கண்டறிவதோடு அறிவின் கடன் முடிவதில்லை. வலிப்பவன் கைக்கு அஃது எட்டும்வரை அக்கடன் நிலுவையிலேயே நிற்கும்.

இதுவரை கூறியவை தந்தோர்க்கும் பெற்றோர்க்கும் இடைப்பட்ட கடன்கள். இவற்றினும் கொடிய கடன் ஒன்று இத்தீவுகளில் உண்டு. திருக்குறளில் மருந்து என்றே ஓர் அதிகாரம் இருக்கிறது. நோயின் மூல காரணத்தைத் தேடும்படி அது மருத்துவனுக்கு அறிவுறுத்துகிறது. அவ்வாறு தேடிச் செல்லும் வழி அந்தமானில் எங்கே கொண்டுபோய் விடுகிறது? 1858இல் ஆங்கிலேயர் இங்கே கைதிகளைக் குடியேற்றியபோது பெரும் அந்தமானியர் பல ஆயிரவர் இருந்தனர். வெளியிலிருந்து வந்தோருடன் மேகநோய் வந்தது. 1877இல் தட்டம்மை வந்தது. 1901ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் எஞ்சியோர் 625. 1961இல் 19 பேர். அம்மக்களின் காடு அவர்களைக் கொல்லவில்லை. பல்லாயிரம் ஆண்டுகள் தனித்து வாழ்ந்த உடல்கள், நமக்குப் பிள்ளைப்பருவ நோயாகத் தோன்றும் ஒன்றை எதிர்க்க அறியாமல் சாய்ந்தன. அந்நோயின் மூலம் வந்தேறியவரின் மூச்சு. நாம் அன்று வந்தோர் அல்லேமாயினும், அன்று வந்தோர் திருத்திய நிலத்தில் இன்று வாழ்கிறோம்.

பழங்கதை என்று இதனைத் தள்ள முடியாது. 1996இல் காலொடிந்து கிடந்த ஜாரவா இளைஞர் ஒருவரைப் போர்ட் பிளேர் மருத்துவமனையில் வைத்துக் குணப்படுத்தி, மீண்டும் காட்டிற்கு அனுப்பினர். அச்செயலைக் குறைகூற எவருக்கு மனம் வரும்? அடுத்த ஆண்டு முதல் ஜாரவாக்கள் தாமாகவே ஊர்ப்பக்கம் வரலாயினர். 1999இல் அவர்களிடையே தட்டம்மை பரவிற்று. அன்பினால் திறந்த கதவு வழியாகவும் நோய் நுழையும். கதவைத் திறந்தது தவறென்று இதற்குப் பொருளன்று. திறந்தபின் காவல் இருமடங்கு தேவை என்பதே பொருள்.

இங்கே ஒரு வாதம் எழலாம். இப்பழங்குடியினர் அறிந்த மூலிகைகளுள் ஒன்று நாளை பல்லாயிரவர் வலியைத் தீர்க்கக்கூடும். சிலரை விலக்கி வைப்பதற்காகப் பலர் நன்மையை இழக்கலாமா என்பர். வாதம் வலிமையுடையது, வலியில் துடிக்கும் ஒருவரை அருகிருந்து பார்த்தவர் இதனை எளிதாக ஒதுக்கமாட்டார். ஆயின் காணி இளைஞரைக் கேட்ட முறையை நினைவு கூர்வோம். அவர்களால் தயங்க முடிந்தது, மறுக்கவும் முடிந்திருக்கும், கேட்பவர் யார், எதற்குக் கேட்கிறார் என்பது ஓரளவேனும் விளங்கிற்று. மறுக்கும் ஆற்றல் உள்ளவன் தருவதுதான் கொடை. மறுக்கவும் வகையறியாதவனிடம், அவன் தாங்கவியலாத நோயை மூச்சில் சுமந்து சென்று, அவன் இலையைக் கேட்டு வாங்குவது கொடை ஆகாது. நோயைக் கொடுத்து மருந்தைப் பெறுவது எந்தச் சந்தையிலும் நேர்மையான பண்டமாற்று அன்று. ஆகவே இம்மக்களைப் பொறுத்தவரை ஆய்வாளரின் முதற்கடன் ஒதுங்கி நிற்பதே. அவர்கள் நோயுற்று நாடி வந்தால் மருத்துவம் செய்வது அதனோடொத்த கடன். 1956ஆம் ஆண்டின் பழங்குடியினர் பாதுகாப்பு ஒழுங்குமுறையும் அவர்கள் வாழிடத்தில் பிறர் நுழைவதைத் தடுக்கிறது.

ஆய்வாளர்க்கு மட்டுமோ இக்கடன்? நம் குடும்பங்களுக்கும் உண்டு. ஜாரவாக் காட்டினூடே செல்லும் பெருஞ்சாலையில் பேருந்தில் போகிறோம். சன்னல் வழியே தின்பண்டம் நீட்டுவது இரக்கம் போலத் தோன்றும். நீட்டும் கையில் என்ன ஒட்டியிருக்கிறது என்பதை எவரும் அறியார். காய்ச்சலோடும் இருமலோடும் இருக்கும் பிள்ளையை அவ்வழியே அழைத்துச் செல்வதைச் சில நாள் தள்ளிப்போடலாம். நம் பிள்ளைக்குத் தட்டம்மைத் தடுப்பூசியை உரிய காலத்தில் போடுவது, நம் வீட்டைக் காப்பதோடு, அக்காட்டிலுள்ள ஒரு குழந்தைக்கும் வேலியாகிறது. அக்குழந்தையின் பெயரை நாம் அறியோம். நம் பெயரை அதுவும் அறியாது. வெறும் மாத்திரையை உண்டு, பெயரறியாத பலருக்கு மருந்தறிவு தந்த வடக்கு அந்தமான் உழவரும் இப்படித்தானே செய்தார்?

பெற்றவரிடமே திருப்பித் தர இயலும் கடன்கள் சில. பெற்றது ஒருவரிடம், தருவது வேறொருவரிடம் என்று அமையும் கடன்களே உலகில் மிகுதி. மருந்தின் கடன் அவ்வகையது. தடுப்பூசிக்குரிய நாளை மறவாதிருப்பதும், வலிப்பவன் விண்ணப்பத்தை மேசையில் தூங்கவிடாதிருப்பதும், அழைக்கப்படாத காட்டிற்குள் கால்வைக்காதிருப்பதும் அக்கடனில் நம் பங்குக்கு வந்த தவணைகள். அவற்றை நாள் தவறாமல் செலுத்தி வருவோமாக.