ஊன்றுகோலும் கண்ணும்

ஆலயத்திற்குச் செல்வது எதற்காக என்று கேட்டால், "சுவாமி தரிசனத்திற்கு" என்பதே சைவ மக்களின் பதிலாகும். தரிசனம் என்றால் காண்டல். அந்தக் காண்டலே ஆண்டுக்காண்டு குறைந்து வரும் ஓர் அடியாரின் நிலையை எண்ணிப் பார்த்தல் வேண்டும். தீபாராதனை வேளையில் அவருக்குத் தீபம் தெரிகின்றது. அதைச் சுற்றியுள்ள திருவுருவம் தெரிவதில்லை. இரவுத் திருவிழாவில் முன்னே செல்பவருடன் மோதி, "கண் தெரியாதோ?" என்று ஏச்சும் வாங்குகிறார். ஏசியவர் கேட்டதே உண்மை என்பது ஏசியவருக்குத் தெரியாது.

ரெற்றினைற்றிஸ் பிக்மென்ரோசா எனப்படும் விழித்திரை நோயின் இயல்பு இதுவே. உலகில் ஏறத்தாழ 4,000 பேரில் ஒருவருக்கு இது உண்டு. முதலில் இரவுப் பார்வை மங்கும். பின்பு பக்கப் பார்வை சுருங்கி, குழாயினூடாகப் பார்ப்பது போலாகும். நோவில்லை, கண் சிவப்பதில்லை. ஆகையால் வீட்டார்கூட நம்புவதில்லை. பெற்றோரிடமிருந்து வரும் பரம்பரையலகின் குறையே காரணம். நெருங்கிய சொந்தத்தில் கலியாணம் செய்யும் குடும்பங்களில் இது கூடுதலாகத் தோன்ற இடமுண்டு. அந்நியத்தில் செய்தாலும் வரலாம்.

"முன்வினை" என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவோர் ஊருக்கு ஊர் உளர். அவர்கள் சுந்தரமூர்த்தி நாயனாரைச் சாட்சிக்கு அழைப்பர். திருவொற்றியூரில் மகிழமரத்தடியில், சங்கிலியாரைப் பிரியேன் என்று செய்த சத்தியத்தை மீறியமையால் சுந்தரர் கண்ணிழந்தார் என்பது மெய்யே. ஆனால் அது அறிந்து மீறிய சத்தியம். பிறவிக் குறையோடு பிறந்த குழந்தை எந்தச் சத்தியத்தை மீறியது? பிறவியிலேயே கண்ணில்லாத தண்டியடிகளையும் திருத்தொண்டர் வரிசையில் வைத்தே நமது சமயம் வணங்குகின்றது. அவர் திருவாரூர்த் திருக்குளத்தைத் தூர்வார, கரையிலும் குளத்துள்ளும் தறி நட்டுக் கயிறு கட்டி, அக்கயிற்றைத் தடவித் தடவி மண் சுமந்தார்.

சுந்தரர் வரலாற்றில் ஊன்றி நோக்க வேண்டிய இடம் திருவெண்பாக்கம். கண்ணை வேண்டி நின்றவருக்கு எம்பெருமான் அங்கே கொடுத்தது கண்ணையன்று, ஊன்றுகோலை. சுந்தரர் மனம் நொந்து, தோழமை உரிமையோடு சுவாமியை ஏசியே பாடினார். ஆயினும் கோலை எறிந்துவிடவில்லை. அதனை ஊன்றி நடந்தே காஞ்சிபுரம் சென்று இடக்கண் பெற்றார். மேலும் நடந்து திருவாரூரில் வலக்கண் பெற்றார். கோல் முதலில், கண் பின்பு. கோல் கிடைத்ததென்று கண்ணைக் கேளாமலும் விடவில்லை.

கண்ணைக் கேட்பதென்பது இக்காலத்தில் ஆராய்ச்சிக்குப் பொருள் சேர்ப்பதுமாகும். ஐக்கிய அமெரிக்காவில் கோர்டன் குண்ட் என்னும் செல்வர் இந்நோயால் முப்பது வயதளவில் பார்வை இழந்தார். அவரும் மனைவியாரும், இந்நோய் கண்ட வேறு குடும்பத்தினரும் சேர்ந்து 1971 இல் ஓர் அறநிலையம் நிறுவி, விழித்திரை நோய் ஆராய்ச்சிக்கு நிதி திரட்டலாயினர். RPE65 என்று ஆங்கில எழுத்துக்களால் குறிக்காமல் தமிழில் சொல்வதானால், ஆர்.பி.ஈ. 65 என்ற பரம்பரையலகு பழுதானால் பார்வை கெடும் என்பது 1997 இல் தெரிய வந்தது. அந்தப் பழுதோடு பிறந்த நாய்கள் சிகிச்சையால் பார்வை பெற்ற செய்தி 2001 இல் வெளியாயிற்று. 2007 இல் மனிதரில் பரிசோதனை தொடங்கியது. 2017 டிசெம்பரில் லக்ஸ்ரேணா என்ற அம்மருந்துக்கு அந்நாட்டு அரசு அனுமதி வழங்கியது. நாற்பத்தாறு ஆண்டுகள்! அதுவும் அந்த ஒரு பரம்பரையலகின் பழுதுக்கு மட்டும்; இரு கண்களுக்கும் 8,50,000 டொலர் என 2018 இல் விலை சொன்னார்கள். குண்ட் அவர்களுக்கு அதனால் கண் திரும்பவில்லை. அவர் சேர்த்த பணம் முகமறியாத பிள்ளைகளுக்குப் போய்ச் சேர்ந்தது.

நமது நாட்டிலும் கொடைக்குக் குறைவில்லை. டாக்டர் ஹட்சன் சில்வா 1961 இல் தொடங்கிய கண்தானச் சங்கத்தினூடாக இலங்கையர் கண்கள் பல தேசங்களுக்குச் சென்றுள்ளன. ஆனால் தானக் கண்ணில் பொருத்தப்படுவது முன்புறத்துக் கண்ணாடி போன்ற படலமே. பின்னேயுள்ள விழித்திரையை அவ்வாறு மாற்ற இயலாது. இதையறியாமல் "யாராவது ஒரு கண் தந்தால் போதுமே" என்று ஏங்கும் தாய்மார் உளர். பூரணமாகச் சுகப்படுத்துவோம் என்று காசு வாங்குவோரிடம் காணியை ஈடு வைப்போரும் உளர். ஆராய்ச்சிக்குக் கொடுப்பது வேறு, இவர்களிடம் ஏமாறுவது வேறு. யாருக்குக் கொடுப்பதாயினும், பற்றுச்சீட்டும் கணக்கும் கேட்டுக் கொடுப்பது அறத்திற்கு இழுக்கன்று. கோயிற் காசுக்குக் கணக்குக் கேட்பதில்லையா?

கோலைக் கொடுப்பதற்கோ நாற்பது ஆண்டு காத்திருக்க வேண்டியதில்லை. சுன்னாகத்தில் வாழ்வகம் விழிப்புலனற்ற பிள்ளைகளைப் பேணி வருகின்றது. அங்கே ஒரு நேரச் சாப்பாட்டை உபயமாக ஏற்கலாம். வாணவேடிக்கைக்குப் போகும் காசில் ஒரு பங்கு ஆராய்ச்சிக்கென ஒதுக்கினால் சுவாமி குறைவிளங்கமாட்டார். ஆலய வீதியில் படிகளின் விளிம்புக்கு வெள்ளை பூசலாம். இருண்ட மூலைக்கு ஒரு விளக்குப் போடலாம். தேர் வீதிவலம் வரும்போது அத்தகைய அடியாரின் கையைப் பிடித்து இழுக்காமல், அவர் தமது தோளைப் பற்றி வரும்படி இளைஞர் ஒருவர் அரை அடி முன்னே நடந்தால், அவரும் மூன்று வீதியும் தாண்டி இருப்பிடம் வரை வந்துவிடுவார்.