முடியாதவனும் மனமில்லாதவனும்



ஓவர்லாக் மெஷினைக் கழற்றிப் பூட்டத் தெரிந்த சிறுவனுக்கு எழுத்துக் கூட்டி வாசிக்க வரவில்லை. அவனைச் சோம்பேறி என்பது நீதியாகுமா?

நமக்கடுத்த ஈரோட்டில் 1887-ல் பிறந்த கணித மேதை இராமானுஜன், மற்றப் பாடங்களில் தவறியதால் கும்பகோணம் கல்லூரியில் உதவித்தொகையை இழந்தார். சென்னையிலும் எப்.ஏ. தேறவில்லை. ஆயினும் சிலேட்டில் கணக்குப் போட வீட்டுத் திண்ணை இருந்தது. 1918-ல் இலண்டன் ராயல் சொசைட்டி அவரை உறுப்பினராக்கிற்று.

எல்லாரும் இராமானுஜன் ஆவதில்லை. ஆனால் பெருந்திறமையும் பெருங்குறையும் ஒரே பிள்ளையிடம் இருக்கக்கூடும். முடியாதவன் வேறு, மனமில்லாதவன் வேறு. கற்றல் குறைபாட்டை 2016-ம் ஆண்டுச் சட்டமே ஏற்றிருக்கிறது. குறையை மட்டும் கண்டு அடிப்பது அநீதி. திறமையை மெச்சிக் குறையை மறைப்பதும் அநீதியே.

ஷிப்டு முடிந்து களைத்து வருகிறீர்கள், அறிவேன். அரைமணி நேரம் பாடத்தை உரக்க வாசித்துக் காட்டுங்கள். விடையை அவன் வாயால் சொல்லட்டும். அவன் விரும்பும் வேலைக்கு வீட்டில் ஒரு மூலை கொடுங்கள். மார்க்குக் குறைந்ததென்று அதைப் பறிக்காதீர்கள்.

பள்ளி ஒவ்வாத பிள்ளை வீட்டிலிருந்து படித்து, தேசிய திறந்தநிலைப் பள்ளி வழியாகப் பத்தாம் வகுப்புப் பாடங்களை ஐந்தாண்டுக்குள் பகுதி பகுதியாக எழுதலாம். ஆனால் வீட்டுப் படிப்பென்று பெயர் சொல்லிப் பனியன் கம்பெனிக்கு அனுப்புவது படிப்பன்று. பிள்ளைக்குச் செய்யும் துரோகம்.

இன்றிரவு மார்க்கைக் கேட்குமுன், "இன்று என்ன செய்தாய், காட்டு கண்ணு" என்று கேளுங்கள்.

உங்கள் பங்குக்குரு