கேள்வி கேட்டவருக்கு நோட்டீஸ்

2025 அக்டோபர் 14 அன்று இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் ஓர் உத்தரவு பிறப்பித்தது. உலகச் சுகாதார நிறுவனம் வகுத்த கலவைப்படி தயாரிக்கப்படாத எந்தப் பானமும் தன் பெயரில் 'ஓ.ஆர்.எஸ்.' என்ற எழுத்துகளைப் பயன்படுத்தக் கூடாது. முன்னாலோ பின்னாலோ வேறு எழுத்தைச் சேர்த்துத் தப்பிக்கவும் கூடாது. அதுவரை பழச்சுவை ஏற்றிய சர்க்கரைப் பானங்கள் அந்த எழுத்துகளோடு மருந்துக்கடைகளிலேயே விற்றுக்கொண்டிருந்தன. வயிற்றுப்போக்கில் துவண்டு கிடக்கும் பிள்ளைக்கு உயிர் காக்கும் கரைசல் என்று நம்பிப் பெற்றோர் அவற்றை வாங்கிக் கொடுத்தார்கள். உத்தரவு தானாக வந்துவிடவில்லை. ஹைதராபாத்தைச் சேர்ந்த குழந்தை மருத்துவர் சிவரஞ்சனி சந்தோஷ் ஏறத்தாழ எட்டு ஆண்டுகள் கடிதம் எழுதியும், நீதிமன்றம் ஏறியும், காணொளி பதிவிட்டும் போராடியதன் பலன் அது.

இதில் உள்ள அநியாயத்தை உணர, அந்தக் கரைசல் எப்படி வேலை செய்கிறது என்று தெரிய வேண்டும். குளுக்கோஸும் உப்பிலுள்ள சோடியமும் சரியான விகிதத்தில் இருந்தால் குடல் சுவர் இரண்டையும் சேர்த்து ஈர்க்கும். கூடவே தண்ணீரும் உள்ளே போகும். அதற்காகத்தான் ஒரு லிட்டருக்கு 13.5 கிராம் குளுக்கோஸ், 2.6 கிராம் உப்பு என்று கணக்காக வைத்திருக்கிறார்கள். சர்க்கரை மிஞ்சினால் கதை தலைகீழாகிவிடும். உடம்பில் மிச்சமிருக்கும் நீரையும் அது குடலுக்குள் இழுக்கும், போக்கு அதிகமாகும். 1971இல் வங்கதேசப் போர் அகதிகள் குவிந்திருந்த போன்காவ் முகாமில் காலரா பரவியபோது, மருத்துவர் திலீப் மகலனோபிஸ் இந்தக் கரைசலைப் பீப்பாய்களில் கலந்து கொடுத்தார். நூற்றுக்கு முப்பது பேர் செத்துக்கொண்டிருந்த இடத்தில் சாவு நான்குக்கும் கீழே இறங்கியது. அப்படிச் சம்பாதித்த பெயர் அது. அந்தப் பெயரின் மேல் மக்கள் வைத்த நம்பிக்கையை எடுத்துச் சர்க்கரைத் தண்ணீருக்குப் பூசி விற்றதைத் திருட்டு என்றே சொல்ல வேண்டும்.

ஆகவே கேள்வி இது: ஆய்வகமோ அதிகாரமோ இல்லாத ஒரு சாதாரண ஆள், பெரிய நிறுவனத்தின் மீது பொதுவெளியில் குற்றம் சாட்டலாமா? சாட்டலாம் என்பது மட்டுமல்ல, கையில் ஆதாரம் இருந்தும் வாய் மூடியிருப்பதுதான் தவறு. அரசும் நீதிமன்றமும் பார்த்துக்கொள்ளும் என்று ஒதுங்குவது அறமாகாது. இதே ஆணையம் 2022 ஏப்ரலில் இந்தப் பெயரைத் தடுத்துவிட்டு, மூன்று மாதத்தில் மனம் மாறி, 'இது உலகச் சுகாதார நிறுவனம் பரிந்துரைத்த கலவை அல்ல' என்ற குறிப்பைப் போட்டு விற்றுக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டது. அழும் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு மருந்துக்கடை வாசலில் நிற்கும் தாய் அந்தக் குறிப்பைத் தேடிப் படிப்பாள் என்று யார் எதிர்பார்த்தார்கள்?

நம் வீடுகளுக்குப் பழகிய இன்னொரு டப்பாவையும் பார்ப்போம். 2023 ஏப்ரலில் ரேவந்த் ஹிமத்சிங்கா என்ற இளைஞர் போர்ன்விட்டாவில் இருக்கும் சர்க்கரையைப் பற்றி ஒரு காணொளி வெளியிட்டார். நிறுவனம் வக்கீல் நோட்டீஸ் அனுப்பியது. அவர் காணொளியை நீக்கி மன்னிப்புக் கேட்டார். ஆனால் விஷயம் அங்கே அடங்கவில்லை. தேசியக் குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையம் நிறுவனத்திடம் விளக்கம் கேட்டது. அந்த ஆண்டு முடிவதற்குள் நூறு கிராமில் 37.4 கிராமாக இருந்த சேர்க்கப்பட்ட சர்க்கரை 32.2 கிராமாகக் குறைந்தது. 2024 ஏப்ரலில் மத்திய வர்த்தக அமைச்சகம், இத்தகைய பானங்களை 'ஆரோக்கிய பானம்' என்ற தலைப்பில் இணையக் கடைகள் காட்டக் கூடாது என்று அறிவுறுத்தியது. உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில் 'ஆரோக்கிய பானம்' என்று ஒரு வகையே கிடையாதாம். அப்படியானால் இத்தனை தலைமுறைத் தாய்மார்கள் எதை நம்பி வாங்கினார்கள்?

பெட்டிக்கடையில் சரமாகத் தொங்கும் பாக்கெட் ஒன்றைக் கிழித்து எடுத்துத் திருப்பிப் பாருங்கள். முன்பக்கம் ஓடும் பிள்ளையும் உயரும் பிள்ளையும் கொட்டை எழுத்துகளும். பின்பக்கம், மடிப்புக்குள் பாதி மறைந்த ஒரு சின்னக் கட்டம். கண்ணாடி போட்டவர்களும் விளக்கடியில் பிடித்துத்தான் படிக்க வேண்டும். அதிலும் எழுத்து ஆங்கிலம். இந்த நாட்டு விதிப்படி உணவு லேபிளில் ஆங்கிலமோ, தேவநாகரியில் இந்தியோ இருந்தால் போதும். தமிழில் போடுவது நிறுவனத்தின் விருப்பம். விளம்பரம் மட்டும் நல்ல தமிழில், நம் வீட்டு அம்மாவின் குரலில் வருகிறது. விற்பதற்குத் தமிழ் தெரிந்தவர்களுக்கு, உள்ளே இருப்பதைச் சொல்லத் தமிழ் தெரியாமல் போவது எப்படி? இந்த இடத்தில்தான் கைப்பேசியோடு வரும் இளைஞரின் வேலை தொடங்குகிறது. டப்பாவின் பின்பக்கத்தை அவர் உரக்கப் படிக்கிறார். நிறுவனமே அச்சடித்த எண்ணை வாசிப்பது அவதூறு ஆகாது.

வாணிகத்துக்கு இலக்கணம் வகுத்த மரபு நம்முடையது. பட்டினப்பாலையில் உருத்திரங்கண்ணனார் காட்டும் காவிரிப்பூம்பட்டினத்து வணிகர்கள் கூடுதலாக வாங்குவதுமில்லை, குறைத்துக் கொடுப்பதுமில்லை. தங்கள் பொருளையும் பிறர் பொருளையும் ஒரே கண்ணால் பார்க்கிறார்கள். வள்ளுவர் நடுவுநிலைமை அதிகாரத்தை முடிப்பதே வணிகரை வைத்துத்தான். அரசனைப் பற்றிச் சொல்லும்போதும், தவறினால் கண்டிக்கும் ஆள் பக்கத்தில் இல்லாதவன், பகைவன் இல்லாமலே கெட்டுப்போவான் என்கிறார். இன்றைய பெருநிறுவனத்துக்கு அந்தக் காலத்துச் சிற்றரசை விடச் செல்வாக்கு அதிகம். எனவே அந்த எச்சரிக்கை அதற்கும் பொருந்தும். கண்ணகியோ வெளியூர்ப் பெண். மதுரையில் அவளுக்குச் சொந்தம் என்று யாரும் இல்லை. ஆனால் கையில் சிலம்பு இருந்தது. அதை உடைத்துக் காட்டியதும் பாண்டியன் தன் தவறை ஒப்புக்கொண்டு அந்த இடத்திலேயே உயிர் விட்டான். நீ யார் என்று அவன் கேட்டான்; ஆனால் குற்றம் சாட்ட உனக்கென்ன தகுதி என்று கேட்கவில்லை.

மறுபக்கமும் உண்டு. 2015 ஜூனில், பாதுகாப்பற்றது என்று மேகி நூடுல்ஸுக்கு நாடு முழுக்கத் தடை வந்தது. ஆகஸ்டில் மும்பை உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்தது. நவம்பரில் பொருள் மறுபடி கடைக்கு வந்தது. ஹிமத்சிங்காவின் காணொளியிலும் நிறுவனம் மறுத்த கூற்றுகள் இருந்தன. அரைகுறைச் செய்தியை ஆத்திரத்தில் பரப்பினால் ஆலைத் தொழிலாளியின் பிழைப்பு பாதிக்கப்படும். ஆதலால் சரிபார்த்துச் சொல்ல வேண்டும் என்பதில் மறுப்பில்லை. ஆனால் சரிபார்க்கும் வசதி யாரிடம் இருக்கிறது? ஆய்வகமும் விஞ்ஞானிகளும் நிறுவனத்திடம் இருக்கிறார்கள். கேட்டவர் கணக்கில் தவறினால் சரியான கணக்கை வெளியிடட்டும். கேள்விக்கு வக்கீலை அனுப்புவது பதிலாகாது.

இதற்கு வரலாறும் சாட்சி. 1974இல் பிரிட்டனின் 'வார் ஆன் வான்ட்' அமைப்பு ஒரு சிறு நூலை வெளியிட்டது. ஏழை நாடுகளில் செவிலியர் போல உடுத்திய விற்பனைப் பெண்கள், பிள்ளை பெற்ற தாய்களிடம் பால்பவுடரை இலவசமாகக் கொடுத்ததை அது சொன்னது. இலவச டப்பா தீர்வதற்குள் தாய்ப்பால் வற்றிவிடும். அடுத்த டப்பா வாங்கக் காசிருக்காது. இருப்பதை அசுத்தத் தண்ணீரில் நீர்க்கக் கலப்பாள். பிள்ளை சாகும். சுவிட்சர்லாந்தில் ஒரு செயற்பாட்டாளர் குழு நூலை ஜெர்மனில் காட்டமான தலைப்போடு வெளியிட, நெஸ்லே அவதூறு வழக்குப் போட்டது. 1976இல் பெர்ன் நீதிமன்றம் அந்தக் குழுவினருக்குத் தலா 300 ஃபிராங்க் அபராதம் விதித்தது. கூடவே நிறுவனம் தன் விளம்பர முறைகளைத் திருத்திக்கொள்ள வேண்டும் என்றும் சொன்னது. மறு ஆண்டே அமெரிக்காவின் மினியாபோலிஸ் நகரில் நெஸ்லே பொருள்களைப் புறக்கணிக்கும் இயக்கம் தொடங்கியது. 1981இல் தாய்ப்பாலுக்கு மாற்றான பொருள்களை விற்பதற்கான பன்னாட்டு நெறிமுறை உலகச் சுகாதாரப் பேரவையில் நிறைவேறியது. அமெரிக்கா ஒன்றுதான் எதிர்த்து வாக்களித்தது. 1992இல் இந்தியாவும் தனிச் சட்டமே இயற்றி அந்த விளம்பரங்களைத் தடுத்தது. அபராதம் கட்டியவர்கள் எழுப்பிய கேள்வியால் எத்தனையோ தாய்மார் தப்பினார்கள்.

அதற்குப் பிறகும் கண்காணிப்பை விட முடியவில்லை. 2024 ஏப்ரலில் சுவிஸ் அமைப்பான 'பப்ளிக் ஐ' வெளியிட்ட ஆய்வின்படி, இந்தியாவில் விற்ற நெஸ்லேயின் செரிலாக் குழந்தை உணவில் ஒரு வேளைக்குச் சராசரியாக மூன்று கிராமை ஒட்டிச் சேர்க்கப்பட்ட சர்க்கரை இருந்தது. ஜெர்மனியில் விற்றதில் இல்லை. அங்கே பிறந்த பிள்ளைக்கு ஆகாதது இங்கே பிறந்த பிள்ளைக்கு மட்டும் எப்படி ஆகும்? சர்க்கரையைப் படிப்படியாகக் குறைத்து வருவதாக நிறுவனம் சொன்னது; அந்த அக்டோபரில் சுத்திகரித்த சர்க்கரை சேர்க்காத வகைகளை அறிவித்தது. கேட்காமல் இருந்திருந்தால் இது எந்த ஆண்டு நடந்திருக்கும்?

தமிழகத்துப் பள்ளி கல்லூரிகளில் குடிமக்கள் நுகர்வோர் மன்றங்கள் இருக்கின்றன. டிசம்பர் 24 வந்தால் பேச்சுப் போட்டி, கட்டுரைப் போட்டி, ஒரு சான்றிதழ்; பல இடங்களில் அதோடு சரி. அந்தப் பிள்ளைகள் தங்கள் தெருக் கடைக்குப் போய்ப் பத்துப் பொருள்களின் பின்பக்கத்தைத் தமிழில் எழுதிக் கடை வாசலிலேயே ஒட்டட்டும். கடைக்காரரையும் சேர்த்துக்கொள்ளட்டும், அவர் வீட்டிலும் குழந்தைகள் இருக்கிறார்கள். உணவு லேபிளில் அந்தந்த மாநில மொழி கட்டாயம் என்ற திருத்தத்தை நம் நாடாளுமன்ற உறுப்பினர்கள் கேட்க வேண்டும். கேட்க மறந்தால், வாக்குக் கேட்டு அவர்கள் வரும் நாளில் இதே பாக்கெட்டை அவர்கள் கையில் கொடுத்துப் படித்துக் காட்டச் சொல்லலாம்.